எச்சில் நாடா

தறியில் பொம்பளை நிற்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தறி ஓடுகிற செட்டுக்குள் வந்து பார்த்தாலே தெரியும். நடுவில் எட்டுத் தறி. நாலு ஆண்கள், ஆளுக்கு ரெண்டு தறி. சுவர் ஓரமாகத் தரையில் நாங்கள். ராட்டு வைத்துத் தார் சுற்றுவோம். தார் என்றால் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் சுற்றிய குச்சி. அதை நாடா என்கிற மரக்கட்டைக்குள் மாட்டினால்தான் நாடா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடும், சேலை நெய்யும். நாங்கள் சுற்றாவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் நாங்கள் தரையில்தான்.

சங்கரன்கோவிலில் அப்போது தெருவுக்குத் தெரு பவர்லூம் வந்துகொண்டிருந்தது. அந்த நாலு தறிக்காரர்களில் ஒருத்தர் என் புருசன். மேலநீலிதநல்லூருக்கு அங்கிட்டு ஒரு கரிசல் ஊரில் ஆடு மேய்த்த குடும்பம். மழை இல்லாமல் போனபோது டவுனுக்கு வந்து தறி பழகினார். நானும் அந்தப் பக்கம்தான். மூன்றாம் வகுப்போடு நின்றேன். பதினேழில் கட்டிக்கொடுத்தார்கள். மறுவாரமே அவர் தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டேன்.

அடிப்பார். எழுதும்போதும் அவர் என்றுதான் வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

அடி எங்களுக்குள் பெரிய சங்கதி இல்லை. காலையில் ராட்டுக்கு முன்னால் உட்காரும்போதே ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வோம், இன்றைக்கு யாருக்கு எங்கே வீங்கியிருக்கிறது என்று. தறி ஓடும்போது பேச்சு கேட்காது. கரண்ட் போனால்தான் பேசுவோம். பக்கத்து ராட்டில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

"நேத்து என்னத்துக்குட்டி?" என்பாள்.

"கொழம்புல உப்பு."

"கூடயா, கொறயா?"

"தெரியலக்கா. வாயில வைக்கதுக்கு முன்னாலயே எம் மேல ஊத்திட்டாரு."

"எங்க வீட்டுல உப்பு சரியா இருந்துச்சு. அதுக்கு ஒரு அடி. 'இன்னைக்கு மட்டும் எப்படிட்டி சரியாப் போட்டே, எவன் வாரான்'னு."

சிரிப்போம். சிரித்தால் தாடை வலிக்கும். கரண்ட் வந்துவிடும்.

முதல் பிள்ளை அஞ்சாம் மாசத்தில் போனது. வயிற்றில் மிதித்தார். அதற்குப் பிறகு தரிக்கவில்லை. அப்போது ஒரு தடவை ஊருக்குப் போனேன். ஐயா மறுநாளே என்னைப் பஸ்ஸில் கூட்டி வந்தார். விட்டுவிட்டுத் திரும்பிப் போகும்போது என்னிடம் சொன்னார்:

"உங்கம்மாவ நான் அடிக்கலியா? நல்லாத்தான இருக்கா?"

நான் கிளம்பும்போது அம்மா சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் சுற்றிக் கொடுத்த தார் ஒன்று சரிந்துவிட்டது. நூல் சிக்கித் தறி நின்றது. அவர் கத்திக்கொண்டு வந்தார். என்ன கத்தினார் என்று கேட்கவில்லை. வாய் மட்டும் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். எனக்குப் பின்னால் பக்கத்துத் தறியின் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கையை ஓங்கி வீசினார். என் தலை விலகியது. கை பெல்ட்டோடு போய்ச் சக்கரத்துக்குள் நுழைந்தது.

யாரோ மெயினை அணைத்தார்கள். எல்லாத் தறியும் நின்ற பிறகுதான் அவர் அலறுவது கேட்டது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. சக்கரத்தில் தோல் ஒட்டியிருந்தது. துண்டை நனைத்துக் கட்டினார்கள். அப்போது ஒரு தறிக்காரன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"நீ எதுக்குட்டி விலகுன?"

பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் மாமியாரும் அதையே கேட்டாள். "ஒரு அடி. வாங்கியிருந்தா என்னளா கொறஞ்சிருப்பே? எம் பிள்ள வெரலு போச்சே." பக்கத்துக் கட்டில்காரியிடமும் சொல்லி அழுதாள். அவளும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நர்சம்மா மட்டும், "எதுக்கு ஓங்கினான்னு யாரும் கேக்க மாட்டேங்கீங்க" என்றாள். அதற்கு மாமியார், "புருசன்னா ஓங்கத்தான் செய்வான். கல்யாணம் ஆச்சா ஒனக்கு?" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின சீசன். முதலாளி அண்ணாச்சிக்கு ரெண்டு தறி நின்றால் தாங்காது. வேறு ஆள் போடப் போகிறார் என்று தெரிந்ததும் இவர் கட்டுப் போட்ட கையோடு போய் நின்றார். என்னையும் கூட்டிப் போனார்.

"அண்ணாச்சி, வேற ஆளுக்கு விட்டுராதீங்க. நான் நிக்கேன். கை மட்டும் அவ கை."

"பொம்பளயவாவே தறியில விடச் சொல்லுதீரு?"

"நான் பக்கத்துல இருப்பேன்லா. நான் ஓட்டுததாத்தான் கணக்கு."

அண்ணாச்சி யோசித்தார். மற்ற மூன்று பேரையும் பார்த்தார். ஆம்பிளை பக்கத்தில் இருந்தால் அது ஆம்பிளை தறிதான் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இவர் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

இழை அறுந்தால் நிறுத்தி முடி போட வேண்டும். தார் தீர்ந்தால் நாடாவை எடுத்துப் புதுத் தார் மாட்ட வேண்டும். நாடாவில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நூல் நுனியை அது வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரல் போகாது. வாயை வைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும். எல்லாத் தறிக்காரனும் அப்படித்தான் எடுப்பான். பகல் சிப்ட்டுக்காரன் உறிஞ்சிய நாடாவை ராத்திரி சிப்ட்டுக்காரனும் உறிஞ்சுவான். நானும் உறிஞ்சினேன். நூல் தூசு தொண்டையில் ஒட்டும். காறினால் வெள்ளையாக வரும்.

இவர் ஸ்டூலில் இருந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கை அவர் கை என்றால் என் வாயும் அவர் வாய்தானே.

நான் நெய்த சேலையில் ஓட்டை விழவில்லை. அண்ணாச்சி விரித்துப் பார்த்துவிட்டு இவரிடம், "நல்லா ஓட்டுதீரு" என்பார். இவர் தலையாட்டுவார். எனக்கு அது உறைக்கவில்லை. தறி ரெண்டும் என் சொல்லைக் கேட்டன. நிறுத்தினால் நின்றன. ஓடு என்றால் ஓடின. அந்த ரெண்டு தறியும் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அதற்கு முன்னால் எனக்கு எதுவும் வேண்டும் என்று இருந்ததில்லை.

பொங்கல் கழிந்து கட்டுப் பிரித்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் மூன்று விரலால் முடி போட வரவில்லை. இவர் முடி போட்டு முடிப்பதற்குள் இன்னொரு இழை அறுந்துவிடும். அண்ணாச்சி ஒரு வாரம் பார்த்தார். பிறகு இவரைச் சேலை மடிக்கவும் பண்டல் தூக்கவும் போட்டார். தறி ரெண்டையும் என்னிடம் விட்டார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தனியாக நின்றேன்.

அன்றைக்கே ஆரம்பித்தது. ஒருத்தன் தன் தறிக்கு எலுமிச்சம்பழம் கட்டினான். இன்னொருத்தன் என் பக்கம் வரும்போதெல்லாம் துப்பினான். என் தறிக்கு ஸ்பேனர் கேட்டால் காது கேட்காதது மாதிரி இருந்தார்கள்.

எங்கள் செட்டில் சங்கத்துக்காரர் ஒருத்தர் உண்டு. அவரும் தறிக்காரர்தான். முந்தின வாரம் தேரடியில் மைக் வைத்துப் பேசினார். ஆணும் பெண்ணும் சமம் என்று நரம்பு புடைக்கச் சொன்னார். நான் நின்று கேட்டேன். அவரிடம் போய்ச் சொன்னேன், ஸ்பேனர் தர மாட்டேன் என்கிறார்கள் என்று.

"நீ ஏம்மா அதுல போயி நிக்கே? அவன் மொகத்தப் பாரு. பொண்டாட்டி தறியில நிக்கா, அவன் பண்டல் தூக்குதான். மனுசனுக்கு எப்படி இருக்கும்?"

"தேரடியில வேற மாதிரி சொன்னீங்களே அண்ணே."

"அது ஊருக்குச் சொன்னதும்மா. இது நம்ம செட்டு."

நாடாப் பேச்சு டீக்கடையில் கிளம்பியது. அக்காதான் எனக்குச் சொன்னாள். இவர் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ராத்திரி சிப்ட்டில் புளியங்குடிப் பையன் ஒருத்தன், கல்யாணம் ஆகாதவன், என் தறியை ஓட்டுவான். அவனை வைத்து ஒருத்தன் கேட்டிருக்கிறான்:

"ஏலே, ஒம் பொண்டாட்டி பகல்ல உறிஞ்சுன நாடாவ அவன் ராத்திரி பூரா உறிஞ்சுதான். ஒனக்காவது தெனம் கெடைக்கா?"

கடையே சிரித்திருக்கிறது. இவரும் சிரித்தாராம். டீக்காசைக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

நான் அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இருந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடின. தூக்குவாளியை எடுத்து வாயில் அடித்தார். அதே இடத்தில் மறுபடியும். "இந்த வாய்தானட்டி, இந்த வாய்தான" என்று அடித்தார். மேலே ரெண்டு பல் விழுந்தது. ஒன்றை முழுங்கிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். வாளி நசுங்கிப் பிடி கழன்ற பிறகுதான் நிறுத்தினார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் தறி போய்விடும். உதடு மூக்கு வரை வீங்கியிருந்தது. உறிஞ்ச முடியவில்லை. பழைய குடைக்கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி செய்து நூலை எடுத்தேன். வந்தது. அப்போது எச்சில் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் துப்புகிறவன் துப்பினான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர்களுக்கு எச்சில் ஒரு சாக்குத்தான் என்று.

மத்தியானம் இவர் வந்தார். கையில் பண்டல் கயிறு அறுக்கிற கத்தி. நேராக என்னிடம் வந்து கொண்டையைப் பிடித்துத் தறிச் சட்டத்தில் மோதினார். நெற்றி கிழிந்தது. மறுபடியும் மோதினார். மூன்று தறிக்காரர்களும் பார்த்தார்கள். ஒருத்தனும் தறியை நிறுத்தவில்லை. ஒருத்தன் இழை அறுந்ததென்று குனிந்து முடி போட்டான். அண்ணாச்சி வாசலில் நூல் எடை போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். திரும்பிக்கொண்டார். அக்கா ஓடி வந்து இவர் கையைப் பிடித்தாள். அவளையும் உதைத்துத் தள்ளினார்.

நான் கீழே விழுந்தேன். அவர் தறிப் பக்கம் திரும்பினார். ஓடிக்கொண்டிருந்த தறியில் கத்தியை வைத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பாவை ஒரே இழுப்பாக இழுத்தார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற நூல், ஆயிரக்கணக்கில். அத்தனையும் அறுந்து சுருண்டது. நாடா வழி தெரியாமல் பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.

மெயின் அணைந்தது.

அந்தச் செட்டில் மற்ற மூன்று பேரும் கைத்தறிக் குடும்பம். தாத்தன் காலத்துத் தொழில். அவர்கள் வீட்டில் பாவைத் தாண்டக்கூட மாட்டார்கள். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவர் ஆடு மேய்த்த வீடு. எத்தனை வருஷம் தறி ஓட்டினாலும் அது இவருக்கு நூல்தான். என்னை அவமானப்படுத்தத்தான் அறுத்தார். அது என்ன காரியம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்று பேரும் பாய்ந்தார்கள். சங்கத்துக்காரர்தான் முதலில் அடித்தார். "பாவயாலே அறுக்கே, பாவயாலே அறுக்கே" என்று அடித்தார். ஒருத்தன் அழுதுகொண்டே மிதித்தான். அண்ணாச்சி தராசுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து செருப்பால் அடித்தார். தெருவுக்கு இழுத்துப் போனார்கள். அங்கேயும் அடித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, தறி ஓடாததால்.

நான் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிய்ந்த முடி கையில் இருந்தது. கண்ணுக்குள் ரத்தம் போனது. அவர்கள் திரும்பி வந்து அறுந்த பாவைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு இழையாகத் தொட்டுப் பார்த்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அக்காதான் முந்தானையைக் கிழித்து நெற்றியில் கட்டினாள்.

"பாத்தியாட்டி?" என்றாள்.

"பாத்தேன்."

மறுநாள் சாயங்காலம் செட்டிலேயே கூடிப் பேசினார்கள். இவரையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு விடும்போது முனகினார். அண்ணாச்சி தீர்ப்பு மாதிரி சொன்னார்:

"அவன் தறிக்கு முன்னால விழுந்து கும்பிடட்டும். தேங்கா ஒடைக்கட்டும். நீ பழயபடி தாரு சுத்த உக்காரு. எல்லாம் சரியாயிரும்."

"நான் என்னத்துக்குத் தறிய விடணும்?" என்றேன். பல் போனதால் சொல் காற்றாக வந்தது. ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நீ அங்கன நின்னதுனாலதான அவன் அறுத்தான்?"

"அறுத்தது அவருதான?"

"புருசன எதுத்துக்கிட்டா தறி ஓட்டப் போறே?" என்றார் சங்கத்துக்காரர்.

"பாவ நானே பெணச்சுத் தாரேன். தறிய விட மாட்டேன்."

"அப்ப புருசன் வேண்டாமா?"

"தறி வேணும்."

இவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "ஒன்னக் கொல்லாம விட மாட்டேன்" என்றார். யாரும் அதைக் கண்டிக்கவில்லை. அந்தப் பேச்சு அவர்களுக்குப் புதிது இல்லை.

அண்ணாச்சிக்கு என்னை விட மனசு இல்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சேலை போக வேண்டும். என் கையில் ஓட்டை விழாது. மற்றவர்கள், அவள் தொட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்றார்கள். கடைசியில் அந்தப் புளியங்குடிப் பையன்தான் வழி சொன்னான். அந்தம்மாவுக்குத் தனி நாடா குடுத்துருங்க, அது சிப்ட் முடிஞ்சா செட்டுல இருக்க வேண்டாம் என்று. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். டீக்கடையில் சிலருக்குத் தனி கிளாஸ் வைக்கிற மாதிரிதான். அண்ணாச்சி ரெண்டு புது நாடா வாங்கித் தந்தார். கனத்த மரம். முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டு முனையிலும் கூராக இரும்பு. வாங்கிக்கொண்டேன். அவமானம்தான். தறி அதற்குப் பின்னால் இருந்தது.

பாவை நானும் அக்காவும் உட்கார்ந்து இழை இழையாகப் பிணைத்தோம். விரல் நுனியில் தோல் உரிந்தது. நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டு ஆட்டுக்கொட்டகையில் படுத்தேன். அக்கா புருசன் முணுமுணுத்தான். ஆடு என்னை ஒன்றும் செய்யவில்லை.

விலா கூடியதும் அவர் வந்தார். நான் வேலை முடிந்து ரயில்வே கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பொழுது இன்னும் சாயவில்லை. கடைகளில் ஆள் இருந்தது. பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்தார். மூன்று விரல்தான். பிடி பழைய மாதிரிதான் இருந்தது.

"வீட்டுக்கு வாட்டி."

இழுத்தார். முழங்கால் தேய்ந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். என் பையில் நாடா இருந்தது, செட்டில் வைக்கக் கூடாது என்பதால். ஒன்றை எடுத்தேன். திரும்பி அடித்தேன். புருவத்தில் பட்டது. எலும்பு தெரிந்தது. கையை விட்டார். மறுபடியும் அடித்தேன். கன்னம். வாய். கீழே விழுந்தார். குனிந்தும் அடித்தேன். அடிப்பது இவ்வளவு லேசு என்று எனக்கு அதுவரை தெரியாது. கை வலித்த பிறகு நிறுத்தினேன்.

"ஏ பிள்ளே, என்ன இருந்தாலும் புருசன்லா" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். அவர்தான் முதலில் ஓடி வந்தார். என்னை விலக்க.

மறுநாள் காலையில் செட்டுக்குப் போகும்போது உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் வேறு எங்கேயும் எனக்குத் தறி இல்லை. வாசலில் மூன்று பேரும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கதி எனக்கு முன்னாலேயே அவர்களிடம் வந்திருந்தது. வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே நின்றது. துப்புகிறவனுடைய சைக்கிள். நான் அதன் முன்னால் நின்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து சைக்கிளை நகர்த்தினான்.

உள்ளே போய்த் தறியை ஓட்டினேன். பிறகு யாரும் துப்பவில்லை. பேசவும் இல்லை. ஸ்பேனரை என் தறி மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

அவருக்கு ஒரு கண் மங்கிவிட்டது என்றார்கள். புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், இன்னொருத்தியைக் கட்டியிருக்கிறார், அவளையும் அடிக்கிறார் என்றெல்லாம் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. அவளுக்காகப் போய் நின்றிருக்கலாம். போகவில்லை.

கொஞ்ச வருஷத்தில் வேறு செட்டுகளிலும் பொம்பளைகள் தறிக்கு வந்தார்கள். ஆண்கள் திருப்பூருக்குப் போனதால் ஆள் கிடைக்கவில்லை, வேறு காரணம் இல்லை. அவர்களுக்கும் தனி நாடாதான் கொடுத்தார்கள். நூல் எடுக்கக் கம்பி வந்த பிறகும் அதை மாற்றவில்லை. வேலை முடிந்தால் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். எல்லாரும் எடுத்துப் போனோம்.